ஏழு விரல் லூபின்

நொர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த ரயில் பாதைச் சரிவு ஜூன் மாதத்தில் லூபின் பூத்து ஊதாவாகிவிடும். இருட்ட மறுக்கும் அந்த மாலைகளில் சரிவே மெல்ல மிதந்து போவதுபோல் இருக்கும். நானும் யன்னலில் நாடியை ஊன்றி அதனுடன் கொஞ்சத் தூரம் போய்வருவேன். நான் வீட்டுப்பாடம் செய்வதாக அம்மா நம்பிக்கொண்டிருப்பார்.

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த வருடம் இரண்டு வகை லூபின் செடிகளை ஒப்பிட்டு நான் வகுப்பில் பேச வேண்டியிருந்தது. ஒன்று, எங்கள் சரிவில் நிற்கும் உயரமான லூபின். விரித்த கைபோன்ற அதன் இலையில் பத்துக்கு மேல் விரல்கள். மற்றது மணல் லூபின்: குட்டை, ரோமம் அதிகம், ஆறிலிருந்து எட்டு விரல்கள், நாட்டின் மேற்குக் கரையில் கடலோர மணலில் வளர்வது. அதற்கு நான் எங்கே போக?

மாமா போகவிருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் சோபாவில் குடியிருந்தவர். சாதகம் பொருந்தியதால் மேற்குக் கரைக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டார். அம்மா ஒரு டின் பயற்றம் பணியாரம் கொடுத்துவிட்டார். நான் இலையின் படம் வரைந்து கொடுத்தேன்.

மறுநாள் மாலை வெறும் டின்னுடன் திரும்பினார்.

"அவைக்கு விருப்பமில்லையாம் அக்கா."

"வேண்டாமெண்டா போனிலை சொல்லியிருக்கலாமே. எங்கடை பணியாரத்தையும் திண்டுபோட்டு."

ரோசத்தில் அம்மா அந்த வீட்டுக்குப் பிறகு தொலைபேசி எடுக்கவேயில்லை. அவர்களும் எடுக்கவில்லை. அவர்களுக்கும் ஏதோ ரோசம்.

எனக்கு லூபின் வந்துவிட்டது. எண்ணினேன், ஏழு விரல்.

"கடற்கரையிலை பிடுங்கினதோ மாமா?"

"ஓம் பிள்ளை. மணலுக்கை நிண்டது."

வகுப்பில் நான் கடலையும் மணலையும் வர்ணித்து முடித்ததும் ஆசிரியை பூதக்கண்ணாடியை எடுத்தார். விரல்களுக்கிடையில் நகத்தால் கிள்ளிய ஐந்து தழும்புகள். "இந்தச் செடி கடலைக் கண்டதேயில்லை," என்றார் நொர்வேஜிய மொழியில், மிக அன்பாக. வகுப்பு அவ்வளவு அன்பாகச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவைப் பிடித்தேன். "இது எங்கடை ரெயில் பாதைப் பூ. நீங்கள் பொய் சொன்னனீங்கள்."

மாமா சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெல்லக் கதை பிள்ளை. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை." கையில் ஒரு பெரிய சொக்லேட்டை வைத்தார்.

ஒரு தாவரவியல் மோசடிக்கு அது நியாயமான தண்டம் என்றே எனக்குப் பட்டது. அன்றும் இருட்டவில்லை. யன்னலில் என் இடத்தில் மாமா நாடியை ஊன்றிச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று சொக்லேட்டைத் தின்றேன். பூ எங்கே முளைத்தது என்று கண்டுபிடித்த கெட்டிக்காரி நான், அந்த இரண்டு நாளும் மாமா எங்கே நின்றார் என்று கேட்கவில்லை.