கூடையில் விழுந்த கடன்

இலங்கையில் தோட்டத் தமிழர் எங்களுக்கு ஓட்டு இல்லை என்று ஆகிச் சில வருஷம் கழிந்திருக்கும். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், செடியைத் தறிக்கிற கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராக்காரனும் என்னோடுதான் வெட்டுவான். என்னைவிட இளையவன். ஐப்பசி அடைமழையில் அவன் அம்மா செத்துப்போனாள். பெட்டிக்கும் சடங்குக்கும் கையில் ஒன்றுமில்லை. என்னிடம் வந்து நின்றான்.

என்னிடமும் இல்லை. என் சம்சாரம் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் அம்மா போட்டு அனுப்பியது அது ஒன்றுதான். பதுளை டவுன் அடகுக் கடையில் வைத்து அறுபது ரூபாய் கொண்டுவந்து கொடுத்தேன். எழுத்துக் கிடையாது.

"தைப் பொங்கலுக்குள்ள தந்துர்றேன் அண்ணே. தோட்டை மீட்டுரலாம்" என்றான்.

ஒரு வருஷத்துக்குள் மீட்காவிட்டால் நகை மூழ்கிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். காது தூர்ந்துபோகாமல் அவள் ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டாள்.

பொங்கல் போனது. அரிசிக்கும் முற்பணத்துக்கும் பிடித்துக்கொண்டுதான் தோட்டத்தில் சம்பளம் கொடுப்பார்கள். சம்பள நாளில், ஆபீசுக்குக் கீழே வட்டிக்காரர்கள் தடியோடு நிற்கும் வளைவில் நானும் போய் நின்றேன். கூட வெட்டுகிற ஒருத்தர் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, நீயும் கடை போட்டுட்டியா? தடி எங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் வந்தான். என் முன்னால் கையை விரித்தான். சில்லறைதான் இருந்தது.

"இதான் அண்ணே. எடுத்துக்கங்க."

"வூட்டுக்கு?"

விரித்த கையை அவன் மடக்கவில்லை. நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வேறு பாதையில் வேலைக்குப் போனான்.

கடனை அடைக்கத் தொடங்கியது அவன் பெண்சாதிதான். அவளும் என் சம்சாரமும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பார்கள். நிறுவைக்குப் போகிற வழியில், தன் கூடையிலிருந்து அள்ளி இவள் கூடையில் போட்டாள்.

"என்னடி இது?"

"தோட்டுக்குத்தான்க்கா."

"ஒன் புருசனுக்குத் தெரியுமா?"

"அந்தாளுக்குத் தெரிஞ்சா மானம் போச்சுன்னு குதிக்கும். கூடையத் திருப்புங்க, கணக்கப்பிள்ளை பாக்குறாரு."

சம்சாரம் என்னிடம் வந்து சொன்னாள். "வாங்கிக்க" என்றேன். ஒரு நாளைக்கு இத்தனை என்று வைத்த கணக்குக்கு மேல் எடுத்த கொழுந்துக்கு றாத்தலுக்கு இத்தனை சதம் என்று தனியாகக் கிடைக்கும். அதை ஒரு டின்னில் போட்டு வைத்தோம்.

வெயில் காலம் வந்தது. கொழுந்து அருகிப்போனது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. கணக்குக் குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான், அரைப் பேர் என்போம். அந்த மாதம் அவளுக்கு அரைப் பேராகவே விழுந்திருந்தது. எங்களுக்குச் சதமாக வந்தது அவளுக்கு ரூபாயாகப் போயிருந்தது. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சம்பளத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கும் விஷயம் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் போட்டான்.

"என் கடனுக்கு நீ பிச்சை போடுறியா?"

"கடனத்தானே குடுத்தேன்."

மறுநாள் என் சம்சாரம் கூடையைத் திருப்பவில்லை.

"போதும்டி."

"கோவமாக்கா?"

"கோவமில்ல. நீ முழுப் பேரு வாங்கு."

தவணை முடிந்தது. வட்டி கட்டக்கூட டின்னில் இருந்தது காணாது. அடுத்த சம்பளம் போடட்டும் என்று இருந்தேன். சம்பளம் வந்ததும் பதுளைக்குப் போனேன். கடைக்காரர் என் சீட்டைப் பார்த்தார்.

"போன கிழமைதான் உருக்கக் குடுத்தேன். முந்தியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாராம். அது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது சம்சாரம் என் கையைப் பார்த்தாள். அடுப்பில் விறகைத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அவன் வாசலுக்கு வந்தான்.

"மூழ்கிருச்சா அண்ணே?"

"ஆமா."

"அறுபதையும் தந்துருவேன்."

"தா."

தந்தான். அஞ்சும் ரெண்டுமாக, வருஷக்கணக்கில். ஒரு ரூபாய் மிச்சம் வைக்கவில்லை. டின்னில் இருந்த கொழுந்துக் காசை என் சம்சாரம் அவன் பெண்சாதியிடம் கொண்டுபோனாள். வேண்டாம் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அதே காம்பராக்களில்தான் இருந்தோம். சண்டை கிடையாது. அடுப்புக்கு நெருப்புக் கேட்டுக்கூட ஒருத்தர் வாசலுக்கு ஒருத்தர் போகவில்லை.