அண்ணன் படித்துக் கொடுத்த புத்தகங்கள்

என் அண்ணன் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன். எங்கள் தெருவில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது அவன் மாட்டிவிட்ட கண்ணாடிதான். கட்டிக்கொண்டது மட்டும் பிறவியிலேயே பார்வையில்லாத பெண்ணை. "என்கிட்ட கண்ணாடி வாங்காத ஒரே ஆள் இவதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அண்ணியும் விடமாட்டார். "என் தலையில எதையாவது கட்டிடலாம்னு பார்த்தார், நடக்கல" என்பார்.

அண்ணி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அவருக்குப் பாம்புக் காது. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். படியில் இறங்குவது நானா என் கணவரா என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். நாங்கள் சண்டை போட்டுவிட்டு இறங்குகிறோமா என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டது அண்ணிதான். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் வசதி அதில் காசில்லாமல் கிடைத்தது. அச்சடித்த புத்தகத்தை அது எப்படிப் படிக்கும்? அதற்கு அண்ணன் இருந்தான். அண்ணி வேலைக்குக் கிளம்பியதும், கடை திறக்கும்வரை மைக் முன்னால் உட்கார்ந்து படித்துப் பதிவு செய்வான். அதைப் போனில் போட்டுக்கொண்டு அண்ணி பஸ்ஸில் கேட்பார். கேட்டு முடித்ததைப் போனிலிருந்து அழித்துவிடுவார், இடம் வேண்டுமே. கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியம்.

அண்ணன் நுரையீரல் புற்றுநோயில் போனான். கண்டுபிடித்தபோதே முற்றிப்போயிருந்தது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அந்த வார்த்தை அண்ணியைக் குடைந்துகொண்டே இருந்தது. "ஒரு இருமல்கூட இல்லியே. இருந்திருந்தா என் காதுக்குத் தப்பியிருக்குமா?" என்று சொல்லிச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் கணினி வாய் திறக்கவில்லை. அண்ணி மாடிக்குக் குரல் கொடுத்தார். இறங்கிப்போய்ப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்.

"என்ன எழுதியிருக்கு? அப்படியே படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதியில் எரிச்சல் வந்துவிட்டது. "என்னமோ கண்றாவியா எழுதியிருக்கு அண்ணி."

"அந்தக் கண்றாவியையும் ஒரு எழுத்து விடாம படி."

படித்து முடித்தபோது அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "ஹார்ட் டிஸ்க் போகுது. உங்கண்ணன் குரல் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

கடையில் கொடுக்கலாம் என்றேன். "புதுசா ஏத்தித் தர்றேன்னு எல்லாத்தையும் துடைச்சுடுவாங்க" என்று அவரே வேலையில் இறங்கினார். பென் டிரைவில் வைத்திருந்த இன்னொரு லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பினார். அது பேச ஆரம்பித்ததும்தான் எனக்கே மூச்சு வந்தது. பழைய டிஸ்க்கில் கைவைக்க வைக்க இன்னும் கெடுமாம். அதனால் படிக்க முடிந்ததையெல்லாம் முதலில், என்னை வாங்கிவரச் சொன்ன ஒரு புது டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்தார். அந்த நகலிலும் ஒரு ஃபோல்டர்கூடத் திறக்கவில்லை. பிறகு ஒலிக் கோப்புகளை மட்டும் தோண்டியெடுக்கும் ஒரு புரோகிராமை அந்த நகலின் மேல் ஓடவிட்டார். அது பெயர், தேதி எதையும் மீட்காது. வெறும் எண்களைப் போட்டு, கிடைத்ததைக் குவியலாகக் கொட்டும்.

"பேரில்லாட்டி போகட்டும். குரல் வந்தா நான் அடுக்கிக்குவேன்" என்றார்.

குரல் வந்தது. முதல் கோப்பைத் தட்டியதும் அண்ணன் ஏதோ ஒரு நாவலை நடுவிலிருந்து படித்தான். அண்ணி சிரித்தார், அழுதார், நானும்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு, எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டே வந்தார்.

"இந்தப் பக்கம் ஏற்கனவே வந்துச்சே" என்றார் திடீரென்று.

அதே பக்கம்தான். ஆனால் இதில் நாலைந்து வரி படித்ததும் அண்ணன் இருமினான். அடக்கப் பார்த்தான், அடங்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. வெகுநேரம் இருமி, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கினான். பதிவு நின்றது. அடுத்த கோப்பிலும் அப்படியே. அதற்கடுத்தது வேறு புத்தகம், அதிலும் இருமல்.

"இதெல்லாம் நான் கேட்டதே இல்ல" என்றார் அண்ணி. "அழிச்சிருக்கார். நான் வீட்ல இருக்கறப்ப எப்படியோ அடக்கியிருக்கார். இங்க இருமல் வந்ததை அழிச்சுட்டு, மறுபடி முதல்லேர்ந்து படிச்சிருக்கார். இந்த புரோகிராம் அழிச்சதையும் சேர்த்து எடுத்துட்டு வந்துடுச்சு."

"எப்போ படிச்சது அண்ணி இது?"

"டாக்டர்கிட்ட போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நான் கேட்ட புத்தகம்."

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருப்பான்? சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவன்தானே, தடிமாடாக வளர்ந்தும் புத்தி மாறவில்லை. செத்தவனைத் திட்டுகிறோமே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டுத் திட்டினேன். அண்ணி தடுக்கவில்லை.

"உனக்குத்தான் கண்ணு இருக்கே. அப்பவே இளைச்சிருந்தாரா?"

"சத்தியமா எனக்கும் ஒண்ணும் தெரியல அண்ணி."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். அத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் போய்விட்டது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இருமினதையெல்லாம் அழிச்சிடலாம் அண்ணி. நல்லா படிச்சது மட்டும் நமக்குப் போதும்" என்று மவுஸைப் பிடித்தேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம். தனியா உட்கார்ந்து இருமியிருக்கார்டி. தண்ணி எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்ல. இப்பவாவது நான் கூட இருக்கேன்."

அந்தக் கோப்பை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். அண்ணன் நாலைந்து வரி படித்தான். இருமல் தொடங்கியதும் அண்ணியின் கை அவரையறியாமல் முன்னால் நீண்டது. யாரோ ஒருவர் முதுகைத் தடவிக் கொடுப்பதுபோல் காற்றில் மேலும் கீழும் போய்வந்தது. இருமல் ஓயும்வரை அவர் நிறுத்தவில்லை. நான் அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன்.