வெளியாள் கூடாது!

போன வாரம் பாபநாசம் பக்கம் ஒரு வயலில் பஞ்சாயத்து. நடுவர் யார் தெரியுமா? என் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் பேராசிரியர்!

யாழ்ப்பாணத்துக்காரர். சமூகவியல் அறிஞர். அரசியல் விமர்சனம் எழுதியதில் ஊர் திரும்ப முடியாமல் போய்விட்டது. இப்போது இங்கே உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறார். எழுதினால் பரவாயில்லை... பேச ஆரம்பித்தால்தான் ஆபத்து.

தகராறு இதுதான். மிராசுதார் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார். உள்ளூர்த் தொழிலாளர்கள் கொடி நட்டு மறித்துவிட்டார்கள். எந்தக் கழகம் ஆண்டால் என்ன — அறுப்பு வந்தால் இந்தச் சண்டையும் வந்துவிடுகிறது. மத்தியஸ்தம் பேசப் பொதுவான ஆள் வேண்டுமே? நிலம் இல்லை, ஓட்டு இல்லை, கட்சி இல்லை. இவரைவிடப் பொதுவானவர் ஜில்லாவில் கிடையாது! துணைக்கு நானும் போனேன்.

நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. கிழக்கே வானம் கறுக்கிறது. மழை கொட்டினால் இரண்டு தரப்புக்கும் சோறு போச்சு. இவரோ வரப்பில் நின்றுகொண்டு நிலவுடைமை வரலாற்றைச் சோழர் காலத்திலிருந்து ஆரம்பித்தார். நாயக்கர் வந்தார்கள். மராட்டியர் வந்தார்கள். வெள்ளைக்காரன் வருவதற்குள் இடி இடித்துவிட்டது.

தொழிலாளர் தலைவி அஞ்சம்மாள் மிராசுதாரைப் பார்த்தார்.

"ஐயா, சார் முடிக்கிறதுக்குள்ள நெல்லு முளைச்சிடும்ங்க. வெளியாள் வேணாம்னு சொல்லுங்க, இப்பவே அரிவாளை எடுக்கிறோம்."

"சரி அஞ்சம்மா, வெளியாள் வரல. சீக்கிரம் இறங்கச் சொல்லு!"

தீர்ந்தது. பேச்சை நிறுத்துவதற்காக ஒரு சமாதானம்!

அஞ்சம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "கேட்டுக்குங்க! இனிமே வெளியாள் ஒருத்தரும் இந்த வயல்ல கால் வைக்கக் கூடாது!"

பேராசிரியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்புத்தான். அஞ்சம்மாள் குரல் கொடுத்தார்.

"சார், எங்க கிளம்பிட்டீங்க?"

"நானும் வெளியாள்தானே, அம்மா."

அஞ்சம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அரிவாள் ஒன்றை அவர் கையில் திணித்தார்.

"வெளியாளையா எங்க சண்டைக்குக் கூப்பிடுவோம்? வாயை மூடிக்கிட்டு இறங்கி அறுங்க!"

அவர் அறுத்த லட்சணத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் வாயை மூடச் சொன்னதற்கு ஓர் அரசியல் விமர்சகர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை... நான் பார்த்தேன் ஐயா, என் கண்ணால் பார்த்தேன்!