மாமா தரை தட்டிய நாள்

எண்ணூர் ஆறு என்றதும் மூக்கைச் சுளிப்பவர்களிடம் எனக்குப் பொறுமையே கிடையாது. சாம்பல், புகை, எண்ணெய் என்று அவர்கள் அடுக்குவதெல்லாம் உண்மைதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தை மாதக் காலையில், பனி விலகுகிற நேரத்தில், புகைபோக்கிகளுக்கு இந்தப் பக்கம் கொக்குகள் வரிசை கட்டி நிற்க, ஒரு படகில் காலை மடித்து உட்கார்ந்து முகத்துவாரம் வரை போய் வந்துவிட்டு என்னிடம் பேசட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா பிறந்த வீடு அந்தக் கரையில்தான் இருக்கிறது. இறால் பிடிக்கப் போகும் பெண்களைப் படகில் ஏற்றிக்கொண்டு, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனவள் அவள். அப்பா கொருக்குப்பேட்டைக்காரர், கூட்ஸ் யார்டில் வேலை. இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். அதற்குப் பிறகு அம்மா கழியைத் தொடவில்லை. காரணம் என் அத்தை, அப்பாவின் அக்கா. “மீன் வாடை” என்று ஒரு வார்த்தை சொல்வாள், அம்மா வாயை மூடிக்கொள்வாள். வீட்டில் மீன் குழம்பு வைத்த நாளெல்லாம் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய் தேயென்று தேய்ப்பாள். நான் அதை ஏதோ அழகுக் குறிப்பு என்று நினைத்து, என் கையையும் நீட்டுவேன்.

பத்து வருடமாக அத்தை அம்மா பிறந்த அந்த வீட்டில் கை நனைத்தது கிடையாது. நல்லது கெட்டதற்கு வந்தாலும் வாசலோடு சரி. குடிக்கிற தண்ணீரைக்கூடப் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவாள். அம்மாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. “ஒரே ஒரு வாட்டி நம்ம வூட்ல ஒரு வாய் துன்னுட்டுப் போனாங்கன்னா போதும்டா” என்று மாமாவிடம் அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தக் கரையில் அவரைப்போல் படகு தள்ள ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார். “என் கையில படகு தரை தட்டிச்சுன்னு எவனாவது சொல்லட்டும், மீசய எடுத்துடறேன்” என்று கடையில் டீ குடிக்கும்போதெல்லாம் சவால் விடுவார். அந்த மீசையோ, தினம் காலையில் சீப்பு வைத்துச் சீவிய மீசை.

எனக்கு ஒன்பது வயதில், காணும் பொங்கல் அன்று, அத்தை படகில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டாள். அவள் தெருவில் எல்லோரும் போய்வந்து செல்போனில் படம் காட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு டூட்டி. அதனால் அம்மா, நான், அத்தை மூவரும் கிளம்பினோம். அத்தையின் கையில் அடுக்கு டிபன் கேரியர், உள்ளே புளிசோறு. அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. விடியற்காலையிலேயே அவள் தம்பி நண்டும் இறாலும் வாங்கி வைத்திருந்தார்.

அன்றைக்குப் பத்து மணிக்கு மேல் தண்ணீர் வற்றும் என்று கரையில் விளையாடும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மாமா என்னடாவென்றால் ஆடி அசைந்து படகைக் கழுவினார், குங்குமம் வைத்தார், டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார். பத்து அடித்த பிறகுதான் “ஏறுங்க அண்ணி” என்றார். படகு போனது. பனி போய் இளவெயில் வந்திருந்தது. ரயில் பாலத்தைத் தாண்டி, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இடத்தையும் தாண்டி, மாமா ஒரு குறுகிய வாய்க்காலுக்குள் திருப்பினார். அத்தை செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே சந்தோஷம். அப்போதுதான் அடியில் சர்ரென்று சத்தம் கேட்டுப் படகு நின்றது.

“இன்னாடா ஆச்சு?” என்றாள் அத்தை.

“தரை தட்டிச்சு அண்ணி. தண்ணி எறங்கிகினு கீது. இப்ப கெளம்பலன்னா சாயங்காலம் வரிக்கும் இங்கதான்.”

சொல்லிவிட்டு மாமா சேற்றில் குதித்துத் தள்ளினார். இரண்டு தள்ளு தள்ளியிருப்பார், “ஐயோ, காலு!” என்று அலறிக்கொண்டு ஏறிவிட்டார். சிப்பி கிழித்துவிட்டதாம். துண்டை எடுத்துப் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, “யக்கா, என்னால ஆவாது. நீ புடி” என்று கழியை நீட்டினார்.

அம்மா கழியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். கை நீளவில்லை. அத்தை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “பாத்துகினே நிக்கிறியே, எதுனா பண்ணும்மா!”

அவ்வளவுதான். அம்மா புடவையை இழுத்துச் செருகினாள். “அண்ணி, எய்ந்து பின்னால வாங்க. ஒக்காருங்க. பேசாதீங்க.” அத்தையிடம் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, அத்தை மறுபேச்சுப் பேசாமல் வந்து உட்கார்ந்ததையும் பார்த்ததில்லை. எல்லோரும் பின்னால் போனதும் படகின் முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அம்மா கழியை ஊன்றிப் படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, சேறு பிடியை விட்டதும் ஒரே உந்தாகப் பின்னுக்குத் தள்ளினாள். படகு மிதந்தது. பிறகு தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எங்கே ஆழம் எங்கே மேடு என்று யாரையும் கேட்காமல், வளைத்து வளைத்துக் கொண்டுபோனாள். கழி ஏறி இறங்கும்போது அவள் தோள் அசைந்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இவள் என் அம்மா என்று அந்த ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும் விட்டேன்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. “இன்னா மாமு, சொந்த ஆத்துலயே தட்டிக்கினியா? மீசை இன்னாத்துக்கு இன்னும் கீது?” என்று மாமாவின் தோஸ்துகள் விசில் அடித்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையோ இறங்கியதும் இறங்காததுமாக, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், “எங்க வூட்டு மருமவதான் இஸ்துகினு வந்தா! ஒண்டியா!” என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அந்த வாயோடு வீட்டுக்குள் வந்தவள், “தண்ணி குடும்மா” என்று கையை நீட்டினாள். சொம்பு காலியானது. பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சி, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா பரிமாறிக்கொண்டே அழுதாள். கேட்டதற்குக் காரம் என்றாள். அவள் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே மாமா அத்தையின் டிபன் கேரியரைத் திறந்து வைத்துப் புளிசோற்றை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். துண்டு கொடியில் காய்ந்தது. கழுவி நீட்டியிருந்த பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“காயம் எங்க மாமா?”

“நம்ம ஆத்துச் சேறு பட்டா எல்லாம் செரியாப் பூடும்” என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் கண்ணாடியை மாட்டி, சோப்பு நுரை போட்டு, அந்த மீசையை அன்றைக்கே எடுத்துவிட்டார். எடுக்கும்போது பாட்டு வேறு.

மழுமழுவென்றிருந்த அவர் முகத்தைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனதும், எங்கள் ஆற்றுச் சேறு தடவினால் ஒரு மணி நேரத்தில் காயம் ஆறிவிடும் என்று வகுப்பு முழுக்கப் பெருமையடித்தேன். மாமாவைத் தரைதட்டி என்று ஊரே கூப்பிட்டபோது நானும் சேர்ந்து கூப்பிட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தார். அவ்வளவு கெட்டிக்காரர், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, எனக்கே மேடு என்று தெரிந்த அந்த வாய்க்காலுக்குள் ஏன் போனார் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.