பெருவிரல் சுண்ணாம்பு

1. தம்பி கல்யாணத்துக்காகப் பேரையூரில் இருந்துவிட்டு, ஆனையூரில் உள்ள கணவர் வீட்டுக்குத் திரும்பினேன்.

2. கணவரின் கால் பெருவிரல் நகங்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தடவியிருந்தது. நீர்க்கடுப்பு என்றார். இப்போது பரவாயில்லை என்றார்.

3. சில வாரங்களில் எனக்கு வெள்ளைப்படுதல் மஞ்சளாக மாறியது. பிறகு அடிவயிற்றில் வலி.

4. மொபெட்டில் வேலைக்குப் போய்வரும் சூடு என்று சொல்லி, என் மாமியார் மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் குடித்தேன்.

5. நூற்பாலையில் வேலை நேரத்தில் காய்ச்சலோடு விழுந்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

6. நோயின் பெயர் தெரிந்தது.

இந்த ஆறில் இரண்டாவதைத்தான் நான் கடைசியாகப் புரிந்துகொண்டேன்.

நான் துணிநூல் பட்டயப் படிப்பு முடித்தவள். ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நூல் அறுந்தால், அதற்கு முன் எந்தெந்த இயந்திரத்தில் ஓடியது என்று பின்னோக்கிப் பார்ப்பது என் வேலை. வீட்டில் அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் திரையை இழுத்து மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். வந்திருப்பது கொனோரியா (உடலுறவால் தொற்றும் நோய், ஊரில் வெட்டை என்பார்கள்). அது கருக்குழாய் (சினைமுட்டை கருப்பைக்குப் போகும் பாதை) வரை ஏறியிருந்தது.

"உனக்கு மட்டும் மருந்து குடுத்தாப் பத்தாதும்மா. வீட்டுக்காரரும் வரணும். அவரு சரியாகாம நீ மட்டும் சரியானா திரும்ப வரும். இன்னொரு தடவை வந்தா இந்தக் குழாய் தாங்காது. பிள்ளை பெத்துக்கணும்ல?"

என் கணவர் மருந்து நிறுவனப் பிரதிநிதி. பை நிறைய மாதிரி மாத்திரைகளோடு மருத்துவர்களைப் பார்த்துவருபவர். தேய்த்த சட்டையும் இடுப்பில் பேஜருமாக வந்தார். அந்த மருத்துவருக்கு அவரை ஏற்கெனவே தெரியும்.

"முன்னாடி மாத்திரை ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

பரிசோதனையில் அவரிடம் கிருமி இல்லை என்று வந்தது. இருந்தாலும் மாத்திரை சாப்பிடுங்கள் என்றார் மருத்துவர். கணவர் வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை.

வீட்டில் எல்லாம் ஒரே நாளில் முடிவானது. முதலில் மருத்துவமனைக்குப் போனவள் நான். ஆகவே நோயைக் கொண்டுவந்தவளும் நான்.

"எம் மகன் சுத்தம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக" என்றார் மாமியார். "மில்லுல அம்புட்டு ஆம்பளைகளோட நிக்கிறவ. யாருன்னு நாங்க போயி விசாரிக்கவா முடியும்?"

என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

மாத்திரை சாப்பிடாதவரோடு படுக்க மாட்டேன் என்று நான் பாயை வெளியறையில் போட்டுக்கொண்டேன். அது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தார்.

"பெரிய சீக்காளி. நீ ஊருக்குப் போயிருந்தப்ப அவனுக்குந்தான் சூடு பிடிச்சுச்சு. ஒண்ணுக்குப் போக முடியாமத் துடிச்சான். ஜட்டியெல்லாம் கறை. நாந்தான் அலசுனேன். பெருவிரல்ல சுண்ணாம்பு வச்சேன், இளநி சீவிக் குடுத்தேன். பையில இருந்து நாலு மாத்திரையை எடுத்து முழுங்குனான், நின்னுருச்சு. ஊரைக் கூட்டுனானா?"

"என்ன கறை அத்தை?"

"மஞ்சளா, சீழு கணக்கா. எல்லாம் சூடுதேன்."

"எனக்கும் அப்படித்தான் அத்தை வந்துச்சு."

கீரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்கு வந்தது சூடு. உனக்கு வந்ததுதான் நோவு."

இதைப் படிக்கிற, என் நிலையில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிருமி இல்லை என்ற முடிவு, அன்றைக்கு இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. முன்பே மாத்திரை விழுங்கியவர் சுத்தமாகத்தான் தெரிவார். கணவர் மருந்து எடுத்தாரா, எப்போது எடுத்தார் என்று கேளுங்கள். நேராகக் கேளுங்கள்.

நான் கேட்டேன்.

"மெதுவாப் பேசு" என்றார். பிறகு, "சாம்பிள் மாத்திரைதான்" என்றார்.

"டாக்டர்கிட்ட ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"அந்தம்மாவை நான் மாசாமாசம் பாக்கணும். என் பொழப்பு இருக்குல்ல."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்குச் சரியாயிருச்சு. அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்."

"அந்தப் பொண்ணுக்காவது சொன்னீங்களா?"

யார் என்று நான் கேட்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. வலிகிலின்னு எதுவும் சொல்லல."

"நானுந்தான் சொல்லல. மோரு குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். மாத்திரையில் சீழ் நின்றாலும் கிருமி உடனே போயிருக்காது, நான் திரும்பி வந்த அந்த நாட்களில்தான் எனக்குத் தொற்றியிருக்கும் என்றார். பெண்களுக்குப் பல நேரம் அறிகுறியே தெரியாது என்றார். "அந்தப் பொண்ணை வரச் சொல்லச் சொல்லும்மா. பேரு வேணாம், ஊரு வேணாம். வந்தாப் போதும்." வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சரி என்றார். எனக்குச் சொல்லாமல் விட்டவர் சொன்ன சரி அது.

வலி இப்போதும் சில நாள் வருகிறது. வந்தால் இந்த நாளைப் பற்றி யோசிப்பதில்லை. போன மாதம் எனக்குத் தெரியாமல் உள்ளே என்ன நடந்தது என்று யோசிக்கிறேன். என் உடம்பின் செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது என்ற நினைப்பு போகவில்லை.

இடது கருக்குழாய் அடைத்துவிட்டது. வலது திறந்திருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை இரண்டு முறை செய்தேன்; இல்லை என்று வந்தது. ஆலை விடுதியில் தங்கியிருக்கிறேன். ஆனையூரில் என்னைப் பற்றிச் சொன்னதை யாரும் திரும்பப் பெறவில்லை. அந்தப் பெண் இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை.