அண்ணன் இலையில் வைத்த ஐஸ் கச்சாங்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே எத்தனையோ தீபாவளி போய்விட்டது. பேனாவை எடுப்பேன், அம்மாவின் முகம் முன்னால் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், கோர்வையாக எழுத வருமா என்ற பயமும் உண்டு. ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி நடமாடுகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெண் என்னிடமே அதைச் சொன்னாள், கண்ணை அகல விரித்துக்கொண்டு. நடந்ததை நடந்தபடி அறிந்தவள் இனி நான் ஒருத்திதான். அதனால் முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, ஈப்போ டவுனுக்கு வெளியே ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு எட்டு வயது. அண்ணனுக்குப் பதினொன்று ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ரத்தத்தில் புற்றுநோய் வந்து, ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, முந்தின வருஷமே, பத்து வயதில், சாமியிடம் போய்விட்டான்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. பலகாரம் சுடக் கூடாது, புதுத்துணி கூடாது. அக்கம்பக்கத்தார் முறுக்கு டின்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவார்கள். ஊரெல்லாம் மத்தாப்பு கொளுத்த, நான் படிக்கட்டில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ஆகவே அடுத்த தீபாவளி எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! பச்சைப் பாவாடை சட்டை வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து மோந்து பார்த்தேன். மத்தாப்பு வந்துவிட்டது. தெலுக் இந்தானிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, நாட்டுக்கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கோழி வழியெல்லாம் கத்தியதாகவும், பக்கத்து சீட்டு மலாய்க்காரம்மா அதற்கு பிஸ்கட் ஊட்டியதாகவும் சொன்னார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் எங்களுக்குப் படையல். இறந்துபோனவர்களுக்கு அவரவர் ஆசைப்பட்டதை இலையில் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. பிறகு கதவை மூன்று முறை தட்டிவிட்டு உள்ளே போனால், மிச்சமெல்லாம் நமக்கு.

அத்தை இலை நறுக்கினார். தாத்தா பாட்டிக்கு இரண்டு பெரிய இலை. பக்கத்தில் ஒரு சின்ன இலை. அம்மா அந்தச் சின்ன இலையை மட்டும் எடுத்து அடுப்புக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

"அவனுக்கு வேணாம் அண்ணி."

"ஏம்மா, வருஷம் திரும்பிருச்சு. எல போடலன்னா புள்ள வாசல்லயே நிப்பான்."

"எல போட்டா அவன் செத்துட்டான்னு ஆயிரும்."

அப்பா வெளியே, ஏற்கெனவே கழுவிய மோட்டார் சைக்கிளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மா அந்த ஒரு வருஷமும் சமைத்தார், துவைத்தார், எனக்குத் தலை பின்னிவிட்டார். தான் மட்டும் ஒரு கைப்பிடிச் சோற்றோடு எழுந்துவிடுவார். ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டார். யாராவது கொடுத்தால் வாங்கி ஊற்றிவிடுவார். காரணம் எனக்கும் தெரியும். அண்ணன் படுத்திருந்த ஆஸ்பத்திரி மாடி சன்னலிலிருந்து பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சீனர் ஐஸைச் சீவி, சிவப்புப் பாகு ஊற்றி விற்கிற ஐஸ் கச்சாங் கடை தெரியும். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி இறங்காத நாளில் அவன் அதைத்தான் கேட்டான். "காய்ச்சல் விடட்டும்யா, வீட்டுக்குப் போறப்ப வாங்கித் தாரேன்" என்றார் அம்மா. வீட்டுக்கு அம்மா மட்டும்தான் வந்தார்.

"எல போடாட்டி படையல் கெடயாது. படையல் இல்லாட்டி தீவாளியும் கெடயாது" என்று அத்தை கையை உதறினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பச்சைப் பாவாடை! மத்தாப்பு!

"அண்ணனுக்கு ஐஸ் கச்சாங் வைக்கலாம்!" என்று கத்தினேன். "செவப்பு தண்ணி நெறைய ஊத்தி! எங்கிட்ட சொன்னான்!"



"படையல்ல ஐஸா? யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க" என்றார் அத்தை.

அப்பா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார். "எங்கப்பனுக்கு போத்தல் போத்தலா ஸ்டவுட்டு பீரு வைக்கலாம், எம்மவனுக்கு ஐஸ் வைக்கக் கூடாதாக்கா?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு, "அங்கேருந்து வர்றதுக்குள்ள கரஞ்சிருமே" என்றார். நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து வாயகன்ற ஃபிளாஸ்க்கை இறக்கினார். அண்ணனுக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோன ஃபிளாஸ்க். அவன் போன பிறகு அதை யாரும் தொட்டதில்லை. கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். "கீழ போட்டுறாதடி."

பறந்தோம்! தீபாவளிக் கூட்டத்தில் ஈப்போ டவுனே நெரிந்தது. கார் இடுக்கிலெல்லாம் அப்பா மோட்டாரை நுழைத்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது வானம் கறுத்துவிட்டது. சீனர் கடைக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். "ஜெலாப்பாங்?" என்று சீனர் தலையில் கை வைத்தார். "சம்பாய் ருமா, சுடா ஜாடி ஆயேர் லா!" வீடு போய்ச் சேர்வதற்குள் தண்ணீராகிவிடும் என்கிறார். அப்பா எதிரே அந்த மாடி சன்னலைப் பார்த்தார். பிறகு, "அனாக் சாயா" என்றார். என் மகன். சீனரும் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார். இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைப்பது அவர்களுக்கும் தெரியாததல்ல. அதற்கு மேல் கேள்வியே இல்லை. முதலில் ஐஸ் தூளைப் போட்டு ஃபிளாஸ்க்கைக் குளிரவைத்துக் கொட்டினார். பிறகு அடியில் பயறும் சோளமும், மேலே ஐஸைச் சீவிச் சீவி அழுத்தி, சிவப்புத் தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றினார். "லெக்காஸ்! லெக்காஸ்!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி எங்களை விரட்டினார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அப்பாவின் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் ஃபிளாஸ்க்.

"இருக்கா பாப்பா?"

"இருக்குப்பா!"

"கரஞ்சிருச்சா?"

"தொறந்து பாக்கவா?"

"ஐயோ, தொறக்காத!"

மழைக்கு நடுவே அப்பா சிரித்தார். முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் ஓடினால், சின்ன இலை போட்டிருந்தது. அம்மாவே போட்டிருந்தார். ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்ததும் கிண்ணத்தில் சிவப்பாக ஒரு குன்று! கொஞ்சம் இளைத்த குன்றுதான், ஆனாலும் குன்று. நான் குதித்தேன். கற்பூரம் காட்டினோம். எல்லாரும் வெளியே வந்தோம். அம்மா மட்டும் இலை முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.

"வெளிய வாம்மா, அவங்க வர்ற நேரம்" என்று அத்தை பதறினார். "உயிரோட உள்ளவங்க உள்ள இருக்கக் கூடாது."

"அவன் தனியா சாப்பிட மாட்டான் அண்ணி. கதவ சாத்துங்க."

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா கதவைச் சாத்தினார்.

எனக்கு எச்சில் ஊறியது. அண்ணன் சாப்பிட்ட மிச்சம் எனக்குத்தானே, வேறு யார் பிள்ளை இருக்கிறது அந்த வீட்டில்? கரைந்துவிடுமே, சீக்கிரம் தட்டுங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். ஒருவழியாகத் தட்டினார். உள்ளே போனோம். தாத்தாவின் ஸ்டவுட்டு அப்படியே இருந்தது. கோழிக்கறி அப்படியே இருந்தது. அண்ணனின் கிண்ணம் மட்டும் காலி. ஒரு பயறுகூட இல்லை.

அத்தை தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டார். "வந்துட்டான்! எம் மருமவன் வந்து சாப்பிட்டுட்டான்!"

நான் அம்மாவைப் பார்த்தேன். உதடெல்லாம் சிவப்பு. பல் கிடுகிடுவென்று நடுங்கியது.

"அம்மாதான் தின்னுட்டாங்க! எனக்கு ஒரு வாய்கூட வைக்கல!" என்று காலை உதைத்து அழுதேன். அப்பா என் வாயைப் பொத்தினார். 

அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கரஞ்சிக்கிட்டே இருந்துச்சுடி பாப்பா. அவன் ஆசப்பட்டது, வீணாப் போவுதேன்னு..." என்றார்.

அன்றைக்கு அம்மா எங்களோடு உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அத்தை பரிமாறுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார். நானோ ஐஸ் போன கோபத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிண்ணம் ஐஸுக்காக ஏன் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைக்கிறார் என்பது எட்டு வயதுக்கு எட்டவில்லை. நான் பெற்று வளர்த்த பிறகுதான் எட்டியது.

அத்தை சொன்ன கதை தெலுக் இந்தான் வரை போனது. அம்மா மறுக்கவே இல்லை. இப்போது அப்பா, அம்மா, அத்தை மூவருமே இல்லை. குனோங் ராபாட்டில் என் வீட்டில் வருஷா வருஷம் சின்ன இலையில் ஒரு கிண்ணம் ஐஸ் வைக்கிறேன், பக்கத்தில் இரண்டு கரண்டி: ஒன்று அண்ணனுக்கு, ஒன்று அம்மாவுக்கு.

இதைப் படிக்கிறவர்கள் தாராளமாக நாலு பேரிடம் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அண்ணன் வந்தானா என்பது முருகனுக்குத் தெரியும். சாப்பிட்டது எங்கள் அம்மா. உதடு சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.