நோனாவுக்குப் பொயிண்ட் வைப்பவர்

காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றும்போது அமான் மூச்சை அடக்கிக்கொள்வார். உள்ளே நெல்மணி அளவில் இரண்டு உலோக முனைகள். அவை தொட்டுப் பிரிந்தால்தான் எஞ்சினுக்குத் தீப்பொறி. பொயிண்ட் என்பார்கள். கருகிய முனையை அரத்தால் உரசி, மெல்லிய தகடொன்றைச் செருகி இடைவெளியை அளந்து, ஸ்குரூவை முறுக்குவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால், இதைச் செய்த பிறகே சாப்பாடு.

மடவளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். கேட்ட ஆணியைப் பெட்டிக்குள் கைவிட்டுத் தடவியே எடுத்துக் கொடுப்பார். கலியாணமான வருடம் வாங்கிய மொரிஸ் மைனர் காருக்கு அவர் வைத்த பெயர் நோனா, அதாவது சீமாட்டி. அது இருமினால், “நோனாவுக்குத் தடிமன்” என்பார். வேறு யாரும் பொனட்டைத் திறக்க விடமாட்டார்.

போன மழைக்காலத்தில் தெல்தெனியவில் ஒரு ஜனாஸா நல்லடக்கத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் காரை ஓட்டியபடி அவரும், பக்கத்தில் மனைவி கைரியாவும். பின்னால் அயல்வீட்டுக்காரனான நான். திகனைக்கு முந்திய ஏற்றத்தில், வளைவிலேயே நோனா நின்றுவிட்டாள். அமான் இறங்கி மூடியைக் கழற்றினார். தகடு இடைவெளிக்குள் போகாமல் பக்கத்தில் குத்தியது. மறுபடியும் குத்தியது. வளைவைச் சுற்றி வந்த லொறி எங்களை உரசாத குறையாக ஒதுங்கிப் போனது.

கைரியா அவர் மேல் குடையைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்: “ஒவ்வொரு சனிக்கெழமயும் நீங்க கடைக்குப் போன பொறகு கராஜ் மோகனராஜ் வந்து இத சரிப்படுத்திட்டுப் போற. இந்தக் கெழம அவர் ஹட்டனுக்குப் போயிட்டார்.”

இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தத்தால் கண் மங்குகிறது என்று டொக்டர் சொன்னதற்கு, கடையில் வெளிச்சம் போதாது என்று பதில் சொன்னவர் அவர். இப்போதோ, எவ்வளவு காலமாக என்று மட்டும் கேட்டார். பெருநாளுக்கு முந்தியே என்றார் கைரியா. குடையையும் மீறி முகத்தில் வழிந்த மழையை அமான் துடைக்கவில்லை.

அதன்பின் சில வெள்ளிக்கிழமைகள் பொனட் திறக்கப்படவில்லை. அன்று கட்டி இழுத்து வந்த கார் உறைக்குள் கிடந்தது. பொயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் போடலாம் என்று கைரியா முன்பே சொல்லித் திட்டு வாங்கியிருந்தார். இப்போது அமானே மோகனராஜுக்குப் போன் எடுத்தார்.

திகனையில் மோகனராஜின் கராஜ். அன்றும் நான் போயிருந்தேன். கழற்றிய பொயிண்டை மோகனராஜ் அவர் கையில் கொடுத்தார். அமான் அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“இனி இதுல பாக்கிறதுக்கு ஒண்டுமில்லயா?”

“இல்ல, அமான் நானா. உள்ளுக்கு காந்தம் சுத்தும், பொறி தானா வரும். நீங்க தொறக்கவே வேணாம்.”

சாவியின் முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அமான் பொனட்டின் மேல் குனிந்து வெகுநேரம் கேட்டார்.

“நோனாட சத்தம் மாறல்ல,” என்றார்.

பிறகு எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தார். கைரியா வழக்கம்போல இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். லைசன்ஸ் எடுத்து எத்தனையோ வருடமாகியும் அந்தக் காரை அவர் ஓட்டியதில்லை. அமான் சுற்றிவந்து சாவியைக் கைரியாவின் உள்ளங்கையில் வைத்தார். அவர் விலகும்வரை காத்திருந்து, இடப்பக்க இருக்கையில் தாம் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.